விட்டுக்கொடுக்கும் பசை

பசை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "நல்லா ஒட்டுமா?" எவ்வளவு சீக்கிரம் ஒட்டும், எவ்வளவு பாரம் தாங்கும், தண்ணீர் பட்டால் விட்டுவிடுமா என்பவையெல்லாம் அதற்குப் பின்னால் வரும். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவரோ வேறொரு கேள்வியோடு தொடங்குகிறார். "இதைப் பிறகு கழற்ற முடியுமா?" முடியாது என்றால், எவ்வளவு பலமான பசையானாலும் அதை அவர் மேசையில் வைப்பதில்லை. இந்த வேறுபாட்டை எனக்குப் புரிய வைத்தவர் என் தாய்மாமா. ஆண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதலாம் என்று யோசித்தபோது, அவர் மேசையருகே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட இந்தச் சின்ன விஷயத்தையே எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் வீடு கெடா மாநிலத்தின் பாக்கார் ஆராங்கில் இருக்கிறது. சுங்கைப்பட்டாணி பட்டணத்தை அடுத்த பகுதி அது. மலாய் மொழியில் 'பாக்கார்' என்றால் சுடுதல். 'ஆராங்' என்றால் கரி. இன்று அங்கே நம் கண்ணில் படுவது தொழிற்சாலைகளும் தாமான்களும்தான். சுற்று வட்டாரத்து ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, அங்கிருந்து வந்த குடும்பங்கள் பல இந்த வரிசை வீடுகளில் குடியேறின. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று.

தோட்டத்து மக்களுக்கு நேரம் என்பது பெரட்டு மணியில்தான் தொடங்கியது. விடியுமுன் மணி அடித்தால் எழுந்து பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். பட்டணத்துக்கு வந்தால் மணிக்கூண்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக லிம் லியன் தெங் என்ற செல்வந்தர் 1936இல் கட்டிக்கொடுத்த மணிக்கூண்டு அது. இன்றும் சுங்கைப்பட்டாணியின் அடையாளமாக நிற்கிறது. சொந்தமாக ஒரு கைக்கடிகாரம் வைத்திருப்பது அந்தத் தலைமுறைக்குச் சாதாரண காரியமல்ல. ஆகவே, வாங்கிய கடிகாரத்தை அவர்கள் எளிதில் தூக்கி எறிவதில்லை. இந்தக் காரணத்தினால்தான் மாமாவுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

மாமா பகலில் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடிகாரங்களைப் பிரிக்கிறார். இளைஞராக இருந்தபோது, பட்டணத்துக் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் கண்ணாடிப் பெட்டி வைத்து அமர்ந்திருந்த ஒரு சீனப் பெரியவரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாராம். நான் நான்காம் படிவத்தில் இருந்தபோதுதான் அவர் மேசை அருகே உட்காரத் தொடங்கினேன். இடுக்கிகள், திருப்புளிகள், கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி இவற்றோடு ஒரு பழைய பிஸ்கட் டின்னும் அங்கே இருக்கும். பசைகள் எல்லாம் அந்த டின்னுக்குள்தான்.

டின்னைத் திறந்தால் முதலில் தெரிவது பழுப்புநிறச் சருகு போன்ற சில துண்டுகள். "இது என்ன மாமா, கடலைமிட்டாய் உடைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

"அரக்கு, பாப்பா. கடிகாரத்துக்குள்ள போற பசை இது ஒண்ணுதான்" என்றார்.

அரக்கு நமக்குப் புதிதல்ல. பாரதக் கதையில் பாண்டவர்களை எரிக்கத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது அரக்கு மாளிகை. நம் பொற்கொல்லர்கள் தாலிக் குண்டுகளின் உள்ளே நிரப்புவதும் அரக்குதான். சித்த மருத்துவக் கடைகளில் கொம்பரக்கு என்று விற்கிறார்கள். இலந்தை, புரசு போன்ற மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் அதிகமாகக் கிடைக்கிறது. நமக்குப் பக்கத்தில் தாய்லாந்திலும் எடுக்கிறார்கள். இந்தப் பிசினை ஆராய்வதற்கென்றே 1924இல் ராஞ்சி அருகே ஓர் ஆய்வுக்கழகம் தொடங்கப்பட்டது. நம் தாத்தா பாட்டி காலத்து 78 சுழற்சி இசைத்தட்டுகளும் அரக்கைச் சேர்த்துச் செய்யப்பட்டவையே.

கைக்கடிகாரத்தில் இந்த அரக்கு இருக்கும் இடம் மிகச் சிறியது. ஆனால், கடிகாரத்தின் உயிர்நாடியே அங்குதான் இருக்கிறது. சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தில் 'பேலட்' எனப்படும் சிறிய கவை ஒன்று உண்டு. அதன் இரு முனைகளிலும் செயற்கை மாணிக்கக் கற்கள் இரண்டு பதிக்கப்பட்டிருக்கும். அவை சக்கரத்தின் பல்லை மாறி மாறித் தடுத்து விடுவிப்பதால்தான் 'டிக் டிக்' ஓசை பிறக்கிறது. மணிக்கு 18,000 முறை துடிக்கும் பழைய கடிகாரம் ஒரு நாளைக்கு 4,32,000 முறை துடிக்கிறது. இத்தனை அடிகளையும் தாங்கிக்கொண்டு அந்தக் கற்கள் அசையாமல் இருக்க வேண்டும். அவற்றைப் பிடித்திருப்பது கடுகில் ஒரு சிறு பங்கு அளவுள்ள அரக்குதான்.

இவ்வளவு முக்கியமான இடத்தில் இதைவிடப் பலமான பசையை ஏன் போடுவதில்லை என்று மாமாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை; செய்து காட்டினார். கைப்பிடி வைத்த சிறு பித்தளைத் தகட்டின்மேல் கவையை வைத்தார். சாராய விளக்கின் மேல் தகட்டை லேசாகச் சூடேற்றினார். அரக்கு 75, 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கிவிடும். எஃகு தன் பதத்தை இழந்து நீலமாக மாறுவதற்கு ஏறத்தாழ 300 டிகிரி வேண்டும். இடையில் இருக்கும் பெரிய இடைவெளியில்தான் வேலை நடக்கிறது. இளகிய நிலையில் கல்லை மயிரிழை அளவு உள்ளே தள்ளினார். தகட்டை விளக்கிலிருந்து எடுத்ததும் அரக்கு மீண்டும் இறுகிவிட்டது. சரியாக அமையவில்லை என்றால் மறுபடியும் சூடாக்கலாம். பத்து முறை வேண்டுமானாலும் செய்யலாம். கல்லுக்கும் கவைக்கும் ஒரு கீறலும் விழாது.

அரக்குக்கு ஒரு பகை உண்டு. சாராயத்தில் அது கரைந்துவிடும். ஆகவே, கவையையும் பாலன்ஸ் சக்கரத்தையும் சாராயத்தில் ஊறவைத்துக் கழுவக்கூடாது. லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் கழுவினால் அரக்கு அப்படியே இருக்கும். "எதில் கரையும், எதில் கரையாதுன்னு தெரிஞ்சுக்காம ஒரு பசையைக் கையில எடுக்காதே" என்பது மாமா எனக்குச் சொன்ன முதல் பாடம்.

டின்னில் இல்லாத பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுதான் மளிகைக்கடையில்கூடக் கிடைக்கும் சூப்பர் குளூ. 1942இல் ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கண்டது அது. தொட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. வீட்டில் உடைந்த குவளைக்கு அது நல்ல பசை. கடிகாரத்துக்கு ஆகாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அது காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரத்தைக் கொண்டு இறுகுகிறது. நம் நாட்டின் ஈரக்காற்றில் அது இன்னும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். கை சற்றுக் கோணினால் திருத்த நேரம் இருக்காது. இரண்டாவது, அது இறுகும்போது ஆவி விடுகிறது. அந்த ஆவி அருகில் இருக்கும் பரப்புகளில் வெண்மையாகப் படியும். கைரேகையில் அது நன்றாகப் படியும் என்பதால், 1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் தொடங்கி, தடயவியல் துறையினர் மறைந்திருக்கும் ரேகைகளைக் காட்டுவதற்கே அந்த ஆவியைப் பயன்படுத்தி வருகிறார்கள். மூடிய கடிகாரத்துக்குள் அதே ஆவி எங்கே போகும்? கண்ணாடியின் உட்புறத்திலும் டயலிலும்தான் படியும். மூன்றாவது, அதைக் கழற்ற அசிட்டோன் வேண்டும். அசிட்டோன் பசையைக் கரைக்கும்போது, டயலின் வண்ணத்தையும் எழுத்தையும் பிளாஸ்டிக் கண்ணாடியையும் சேர்த்தே கரைத்துவிடும்.

இந்த மூன்று காரணங்களையும் நான் ஒரே கடிகாரத்தில் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையில் சுற்றி ஒரு பழைய கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தார். அவர் மனைவி சீட்டுப் பணத்தில் வாங்கிக்கொடுத்தது. அந்த அம்மா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

"முன்ன ஒரு கடையில கொடுத்தேன் தம்பி. உள்ள முகம் ஆடுதுன்னு சொன்னேன். கெட்டியா ஒட்டித் தரேன்னு சொன்னாங்க. கெட்டியாத்தான் ஒட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் ஓடவே இல்ல" என்றார்.

மாமா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். டயலின் பின்னால் இரண்டு சிறு கால்கள் இருக்கும்; அவைதான் டயலை இயந்திரத்தோடு பிடித்திருக்கும். அந்தக் கால்கள் உடைந்திருந்ததால் டயலை சூப்பர் குளூ விட்டு ஒட்டியிருந்தார்கள். பசை வழிந்து, முள்களைச் சுழற்றும் சக்கரங்களுக்குள் போய் இறுகிவிட்டது. கண்ணாடியின் உட்புறம் பனி மூடியதுபோல் வெளுத்திருந்தது.

மாமா பெரியவரை உட்காரவைத்து விளக்கினார். "ஐயா, ரெண்டுல ஒண்ணுதான் காப்பாத்த முடியும். டயலைக் கழற்றாம சக்கரத்துக்கிட்ட போக முடியாது. கழற்றணும்னா அசிட்டோன் விடணும். விட்டா டயல்ல இருக்கிற வண்ணம், எழுத்து எல்லாம் போயிடும். அப்படியே வேணும்னா வெச்சுக்கலாம், ஆனா ஓடாது. நீங்கதான் சொல்லணும்."

பெரியவர் கடிகாரத்தைக் கையில் வாங்கினார். வெளுத்த கண்ணாடி வழியாக அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அந்த அம்மா கடையில் தேர்ந்தெடுத்த முகம் அது. அறைக்குள் யாரும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "கோடெல்லாம் இருக்குமா தம்பி?"

"கோடு உலோகம் ஐயா. தகட்டுல துளை போட்டுப் பதிச்சது. அது போகாது."

"அப்ப ஓட வைங்க. எழுத்து எனக்கு எங்க படிக்கத் தெரியும்? ராத்திரியில காதுகிட்ட வெச்சா சத்தம் கேக்கணும், அவ்வளவுதான்."

இரண்டு வாரம் ஆனது. சிறு தூரிகையால் ஓரத்தில் அசிட்டோனைத் தொட்டுத் தொட்டு வைத்து மாமா டயலைப் பிரித்தார். தந்த நிறமும் எழுத்துகளும் கரைந்து பஞ்சில் வந்தன. எஞ்சியது பித்தளைத் தகடும் பன்னிரண்டு கோடுகளும். சக்கரங்களைச் சுத்தம் செய்து, எண்ணெய் இட்டு மாட்டினார். அப்போது கவையை எனக்குக் காட்டினார். தொழிற்சாலையில் வைத்த அரக்கு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கற்களைச் சரியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரே கடிகாரத்துக்குள் இரண்டு பசைகள் இருந்தன. எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடிய பசையால் கடிகாரம் பல்லாண்டுகள் ஓடியது. கழற்ற முடியாத பசையால் நின்றுபோனது. பசையின் பலத்தைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் அன்றைக்கு மாறியது.

கால் உடைந்த டயலுக்கு மாமா வைத்த மருந்து மிக எளிமையானது. இரு பக்கமும் ஒட்டும் மெல்லிய வட்டத் துண்டுகள் கடிகார வேலைக்கென்றே கிடைக்கின்றன. சக்கரங்களுக்கு எட்டாத ஓரத்தில் இரண்டை வைத்து டயலை அழுத்தினால் போதும். ஆவி வராது, வழியாது, பின்னாளில் மெல்ல நெம்பினால் வந்துவிடும்.

கண்ணாடிக்கு வேறு கணக்கு. பழைய கடிகாரங்களின் பிளாஸ்டிக் கண்ணாடி பெரும்பாலும் பசை இல்லாமலே நிற்கும். அதை லேசாகச் சுருக்கிப் பொருத்தினால் விரிந்து விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். விளிம்பு தேய்ந்திருந்தால் ஊசிமுனைக் குழாயில் வரும் ஹைப்போ சிமென்ட்டை மெல்லிய கோடாக இடலாம். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் கடிகாரக் கண்ணாடி செய்த நிறுவனமே தயாரித்த பசை அது. மெதுவாகக் காய்வதால் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். தாதுக் கண்ணாடிக்குப் புற ஊதா ஒளியில் இறுகும் பசை ஏற்றது. ஒளி படும்வரை அது இளகியே இருக்கும். சரியாகப் பொருத்திய பிறகு விளக்கைக் காட்டினால் போதும். விளக்கு இல்லாதபோது மாமா அதை வாசலில் வைப்பார். "பாக்கார் ஆராங் வெயில் இலவசம்தானே" என்பார். ஒளி எட்டாத இடத்தில் மட்டும் அந்தப் பசை பயன்படாது. உள்ளே ஈரமாகவே தங்கிவிடும்.

இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பசை டின்னில் உண்டு. அதைக் கூட்டின் வெளிப்புற வேலைக்கு மட்டுமே எடுப்பார். இறுகிவிட்டால் எளிதில் விடாது என்பதே காரணம். இரும்புக்கடையில் விற்கும் சிலிக்கோன் பசையைத் தொடவே மாட்டார். திறந்ததும் அதில் பலவற்றில் காடி வாசம் வரும். அது இறுகும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலத்தின் வாசம் அது. பித்தளையையும் செம்பையும் அரிக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இன்னொரு கேள்வி எழும். கிழிந்த புத்தகத்தை நாம் ஒட்டியது ரப்பர் பாலால்தானே, அது ஆகாதா? நானும் கேட்டேன். ஆகாது. பச்சைப் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர், எஃகு துருப்பிடிக்கும். பால் உறையாமல் இருக்க ஸ்டோரில் சேர்க்கும் அமோனியாவோ பித்தளைக்கு எமன். அக்காலத்தில் இந்தியாவில் ஆங்கிலேயப் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள், குதிரை லாயங்களில் மழைக்காலத்தில் வைத்திருந்தபோது தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அமோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். பாலைப் பதப்படுத்தி ரப்பராக்கச் சேர்க்கும் கந்தகமும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். நம்மை வளர்த்த பால்தான். ஆனாலும் கடிகாரத்துக்குள் அதற்கு இடமில்லை. ரப்பர் வளையமாக, மூடியின் ஓரத்தில் தண்ணீரைத் தடுத்து நிற்பதே அதன் வேலை. அந்த வேலையையும் பசையால் செய்ய முயலக்கூடாது. வளையம் தேய்ந்தால் புது வளையம்தான் போட வேண்டும்.

ஆக, மாமாவிடம் நான் கற்ற தேர்வு முறை நான்கு கேள்விகளில் அடங்கிவிடும். ஒட்டப்போகும் இரு பொருள்களும் எவை? பசை இறுகும்போது என்ன வெளிவிடும்? சரிசெய்ய எவ்வளவு நேரம் தரும்? பிறகு எதைக் கொண்டு கழற்றுவது, அந்த மருந்து பக்கத்தில் இருப்பதைக் கெடுக்குமா? 'எவ்வளவு பலம்' என்ற கேள்வி இந்தப் பட்டியலிலேயே இல்லை. கடிகாரத்துக்குள் எதுவும் பெரும் பாரம் சுமப்பதில்லை.

கழற்றுவதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கக்கூடும். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் எண்ணெய் சில ஆண்டுகளில் வறண்டுபோகும். எனவே அது மீண்டும் திறக்கப்படுவது உறுதி. நம் கையாலேயே திறக்கலாம். நமக்குப் பின் இன்னொருவர் திறக்கலாம். பழுது பார்ப்பவர்கள் பின்மூடியின் உட்புறத்தில் தேதியையோ ஓர் அடையாளத்தையோ ஊசியால் கீறி வைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். பெரியவரின் கடிகாரத்திலும் அப்படி இரண்டு கீறல்கள் இருந்தன. ஒன்று ரோமன் எழுத்தில். இன்னொன்று சீன எழுத்தில். யாரென்றே தெரியாத இருவர், தமக்குப் பின் வருபவர் வேலை செய்ய இடம் விட்டுப் போயிருந்தார்கள். சூப்பர் குளூ விட்டவர் எதையும் கீறியிருக்கவில்லை.

மாமா மூன்றாவதாகத் தன் தேதியைக் கீறி, மூடியை மாட்டினார். பித்தளை முகத்தோடு அது இப்போது ஓடுகிறது. நாளைக்கு நான்காவது ஆள் ஒருவர் அதைத் திறப்பார். வட்டத் துண்டுகளை மெல்ல நெம்புவார், அரக்கைச் சூடாக்குவார். அவர் யாராக இருந்தாலும் அவர் கைக்கு வேலை எளிதாக இருக்க வேண்டும். நல்ல பசை எது என்று என்னிடம் யாராவது கேட்டால், நான் அவரை நினைத்துத்தான் பதில் சொல்வேன்.